பள்ளிப் பிள்ளைகளின் பசியும் ஆசிரியர் கடனும்

ஆன்மாக்கள் அறிவு பெறுதற்குக் கருவியாயுள்ளது சரீரம். அச்சரீரம் நிலைபெறுதற்குக் காரணமாயுள்ளது அன்னம். ஆதலால், கல்வி கொடுப்பவர் அன்னத்தைப் பற்றிச் சிந்தியாதிருத்தல், விளக்கேற்றப் புகுந்தவர் நெய்யைப் பற்றிச் சிந்தியாதிருத்தலை ஒக்கும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசினர் கொடுத்துவரும் உணவு யாதானுமொரு காரணத்தால் நின்றுவிடின், அப்பசியைத் தீர்க்குங் கடன் யாருடையது? அரசினர் கடனென்று வாளாவிருத்தல் தக்கதா? நாமே ஏற்றுக்கொள்ளின் அரசினர் தங்கடனை மறந்துவிடாரா? இவ்வினாக்களைச் சைவாசிரியர்கள் தெளிவுற ஆராய்தல் அவசியமாம்.

அரசினர் உணவு தடைப்படுதல் புதுமையன்று. சென்னை நகரசபையார், சர். பிட்டி. தியாகராய செட்டியார் தலைமையிலே, 1920ஆம் ஆண்டில் ஆயிரம்விளக்குப் பாடசாலையிலே மதிய உணவளிக்கத் தொடங்கினர். பிள்ளைகளின் தொகை பெருகிற்று. ஆயினும், அந்நிய அரசினர் அச்செலவை அனுமதியாமையால் 1925இல் அவ்வுணவு நின்றது. இலங்கை சுதந்திரம் பெற்று ஐந்தாண்டு சென்றபின், 1953இல், சுதேச அரசினரே பங்கீட்டரிசியின் விலையை 25 சதத்தினின்று 70 சதமாக உயர்த்திப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்தினர். அவ்வாண்டு ஆகஸ்து 12ஆந் தேதி நிகழ்ந்த ஹர்த்தாலுக்கு இவை முக்கிய காரணங்களாயின. செல்வத்திற் சிறந்த அமெரிக்காவிலும், அரசினர் செலவுக்குரிய சட்டம் நிறைவேறாமையால், 2025ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் தேதி, ஏறக்குறைய 4 கோடியே 20 லட்சம் பேர் பெற்றுவந்த உணவுதவி தடைப்பட்டது. கல்லூரிகளில் மாணவர்க்கென அமைந்த உணவுக் களஞ்சியங்களை ஆதரித்தல் அங்கே அவசர தருமமாயிற்று. அந்நிய அரசு, சுதேச அரசு, வறிய அரசு, செல்வ அரசு என்னும் பேதமின்றி இது நிகழுமென்பது இவற்றால் விளங்கும்.

மன்னார்த் தீவும் கரையும் இதனை 2022ஆம் ஆண்டிலே அனுபவித்து அறிந்தன. அவ்வாண்டு மார்ச் 22ஆந் தேதி, மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளினின்று 16 பேர், பிள்ளைகளோடு, கடல் கடந்து தனுஷ்கோடிப் பக்கத்தை அடைந்தனர். அவருட் சிலர் நடுக்கடல் மணற்றிட்டிலே விடப்பட்டனர். எரிபொருளின்மையால் ஜூன், ஜூலை மாதங்களிலே பாடசாலைகள் மூடப்பட்டன. பாடசாலை மூடப்படின் பாடசாலையுணவும் மூடப்படுமன்றோ? ஆகஸ்து மாதத்திலே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவினின்று 340 ரூபாவாயிற்று. தோணி கடலுக்குப் போகாத நாளிலே பேசாலையிலும் தலைமன்னாரிலும் தொழிலாளி வீட்டில் அடுப்பு எரிவதெங்ஙனம்? செப்டெம்பரிலே உணவுப் பொருள்களின் விலை முந்திய வருஷத்தினும் நூற்றுக்கு 94.9 வீதம் ஏறியிருந்தது. முன் குறித்த தொகைக்கு உணவு சமைத்துக் கொடுத்தோர் பலர் அது செய்ய இயலாதவராயினர்.

இங்ஙனமாகலின், நின்ற உணவை நாம் கொடுத்தல் வேண்டுமென்கின்றேம். அதற்குச் சிலர், "நாம் கொடுத்தால் அரசினர் தங்கடனை விட்டுவிடுவர், ஆதலால் கொடாது கேட்டலே முறை" என்பர். இதற்கு விடை திருவீழிமிழலையிலே கிடைக்கின்றது. பஞ்சகாலத்திலே சிவபெருமான் அருளிய படிக்காசினால் அப்பமூர்த்திகளும் சம்பந்தமூர்த்திகளும் அடியார்க்கு அமுதளித்தனர். சம்பந்தமூர்த்திகள் பெற்ற காசு வாசிபட்டதாயிருந்தமையால், அவரது திருமடத்திலே அமுது தாமதித்தது. அவர் காரணத்தை வினாவி அறிந்தார். அறிந்தபின், அடியாரை உண்பித்தலை நிறுத்தினாரல்லர். காசிற் குறையைப் பொறுத்து வாளாவிருந்தாருமல்லர். வாசி தீர்த்தருளும்படி இறைவனையே வெளிப்பட வேண்டிப் பெற்றார். இறைவனிடத்தே குறையைச் சொல்லி முறையிடுதல் பத்திக்கு இழுக்கன்றாயின், அரசினரிடத்தே முறையிடுதல் எங்ஙனம் இழுக்காகும்? உண்பித்தலும் முறையிடுதலும் ஒன்றற்கொன்று மாறல்ல. இரண்டும் ஒரு தருமத்தின் இரு கைகளே.

1872இலே திருக்கேதீச்சரத்தை நமக்கு நினைப்பூட்டிய நாவலரவர்களும் இவ்வழியே நின்றார்கள். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே யாழ்ப்பாணத்திற் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார்கள். அக்காலத்து அரசாங்க அதிபரது ஆட்சிக் குறைகளை எடுத்துக் கூறவும் பின்னிடவில்லை.

வேறு சிலர், "எல்லார்க்கும் கொடுத்தால் வேண்டாதவரும் பெறுவர், விசாரித்தன்றோ கொடுத்தல் வேண்டும்" என்பர். உழைத்துண்ணும் வயதினர்க்கு இது பொருந்தினும் பொருந்துக. பிள்ளைகள் உழைப்பவரல்லர், தந்தையின் தோணி போகாமைக்கு அவர் என் செய்வர்? அன்றியும், "காலையில் உண்ணாதவர் எழுந்து நில்லுங்கள்" என்று வகுப்பிலே கேட்கும் ஆசிரியர், பசித்த பிள்ளைக்கு நாணத்தையும் சேர்த்துக் கொடுத்தவராவர். எழும்பாதிருக்கும் பிள்ளை உண்ணாத பிள்ளையாயிருத்தலுங் கூடும். வேண்டாதவன் ஒருவன் ஒரு கிண்ணங் கஞ்சி பெறுதலால் வரும் நட்டம் சிறிது. வேண்டியவன் ஒருவன் நாணிப் பசித்திருத்தலால் வரும் நட்டம் பெரிது.

இன்னுஞ் சிலர் கோட்புலி நாயனார் சரித்திரத்தை எடுத்துக்காட்டி, "திருவமுதுக்கென வைத்த நெல்லைப் பிறர் பசிக்குக் கொடுக்கலாமா? மன்னாரிலே கிறிஸ்தவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளுமன்றோ பலர்?" என்று ஆசங்கிப்பர். சுவாமிக்கு உரியதைத் தொடுகவென யாம் கூறவில்லை. அதன் பக்கத்திலே வேறொரு கலம் வைக்குகவென்கின்றேம். அக்கலத்தின் வாயிலே சமயத்தை வினாவுதல் சைவத்துக்கு ஏலாது. எல்லாவுயிர்க்கும் உள்ளிருப்பவன் சிவன் என்று காலையிலே படிப்பித்து, மதியத்திலே ஓருயிரை விலக்குதல் காலைப் பாடத்தை நாமே அழித்தலாம்.

ஆசிரியர்தாமும் குறைந்த வேதனத்தினரே. விலையேற்றம் அவர் வீட்டையும் விடுவதில்லை. உண்மை. இளையான்குடிமாற நாயனாரைப்போல விதைத்த நெல்லை வாரிவர எல்லாராலும் இயலாது. பிடியரிசி எடுத்துவைத்தல் இயலும். கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களிலே பெரும்போக அறுவடை முடியுங் காலத்திலே சில மூடை நெல் வாங்கி வைத்தல் இயலும். ஒடியல், பனங்கட்டி, பயறு என்பவை ஈரம்படாது வைத்தால் பல மாதம் இருக்கும். அறை ஒன்று, பூட்டு ஒன்று, கணக்குப்புத்தகம் ஒன்று போதும். அப்புத்தகத்திலே பிள்ளையின் பெயரை எழுதற்க. எத்தனை பேர் உண்டனர், எவ்வளவு அரிசி சென்றது, அரசினர் உணவு எத்தனை நாள் வரவில்லை என்பவற்றை எழுதுக. மாதந்தோறும் அதன் பிரதியை மன்னார் அல்லது மடு வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்புக. அக்கணக்கே முறையீடு. பசி தீர்ந்தது என்பதனோடு, தீர்த்தவர் யார், தீர்க்கவேண்டியவர் யார் என்பதையும் அது சொல்லும்.

மழை பெய்து பஞ்சம் நீங்கியபின் திருவீழிமிழலையிலே படிக்காசு வேண்டாதாயிற்று. நமது களஞ்சியமும் வேண்டாதாகும் நாள் வருக. அந்நாள் வருமட்டும், ஆசிரியர்காள், கலத்திலே ஒரு பிடியும் புத்தகத்திலே ஒரு வரியும் நாடோறும் இடுவீர்களாக.

திருச்சிற்றம்பலம்.