அறியாது செய்யும் ஹிம்ஸை

தீங்கு செய்ய வேண்டும் என்ற சங்கல்பம் ஒருவருக்கும் இல்லாதிருக்க, பலருடைய சிறு காரியங்கள் கூடி எங்கோ ஓர் உயிரைப் போக்குமானால் அந்தப் பாபம் யாரைச் சேரும் என்பது நம் சமயங்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் கேள்வியே ஆயினும், அண்ணாகிராமத்திலும் பண்ருட்டியிலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் கறிக்கோழிக் கடைகளின் முன் கூடும் மக்களைக் காணும்போது அது புதிய உருவம் கொண்டு எழுகிறது.

கோழிக்கு நோய் இல்லாதபோதும், அது விரைவில் பருக்க வேண்டும் என்பதற்காகவும், நெருக்கமான கொட்டகையில் நோய் வராதிருக்க வேண்டும் என்பதற்காகவும், ஆண்டிபயாடிக் மருந்துகளைச் சிறிது சிறிதாகத் தீவனத்தில் கலக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது. அந்தச் சிற்றளவில் வலியற்ற கிருமிகள் மடிய, மருந்தைத் தாங்கும் கிருமிகள் மிஞ்சிப் பெருகுகின்றன. வேறு எந்த மருந்துக்கும் மசியாத தொற்றுக்கு வைத்தியர்கள் கடைசியாக நம்பும் கொலிஸ்டினையும் இவ்வாறே செலவிட்டார்கள். அதை எதிர்க்கும் ஆற்றலை ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும் மரபணு, 2015இல் சீனத்தில் பன்றிகளிடத்தும் பச்சை இறைச்சியிலும் கண்டறியப்பட்டது. பின்னர்ச் சென்னையின் உணவுப்பொருள்களிலும் கொலிஸ்டினுக்கு அடங்காத கிருமிகள் அகப்பட்டன. 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அம்மருந்தைக் கொடுப்பதை இந்திய அரசு தடை செய்தது. நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும் என்பது மெய். எனினும் பச்சைக் கறியைத் தொட்ட கையும், அரிவாள்மணையும், கழுவிய நீரும் அடுப்பில் ஏறுவதில்லை. கறி வெட்டுபவரோ நாள் முழுதும் அதிலேயே நிற்கிறார்.

திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்ற பெயரோடு சமணத் தலைவராக விளங்கிய நாவுக்கரசரைச் சூலைநோய் பற்றியபோது, அங்கிருந்தோர் செய்த சிகிச்சைகள் யாவும் பலியாமற்போக, திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் வந்து சிவனருளால் குணமடைந்தார் என்பது இம்மண் போற்றும் வரலாறு. மருந்து தோற்ற இடத்தில் அருளை நாடுதல் அடியார்க்கு உரியது. மருந்தைத் தோற்கச் செய்தவர்களே நாமாக இருந்தால், எந்த முகத்தோடு சந்நிதியில் நிற்பது?

எண்ணமே வினை என்றனர் பௌத்தர். அறியாது நேரும் ஹிம்ஸைக்கும் அஞ்சி, அமரும் இடத்தை மயிற்பீலியால் நீவினர் சமணர். வாங்குவோர் இருப்பதாலன்றோ விற்போர் இருக்கின்றனர் என்று வாதிட்டார் வள்ளுவர். இந்த விவகாரத்தில் சமணருடைய அச்சமே உண்மைக்கு அணுக்கமானது என்று நான் கருதுகிறேன்; ஏனெனில் கிருமி நம் எண்ணத்தை விசாரிப்பதில்லை.

புலால் தொடாதவர் தமக்கு இதில் பங்கில்லை என்று ஒதுங்கவும் வழியில்லை. கோழி எரு வயலுக்குப் போகிறது. காய்கறியோடு கிருமியும் வீட்டுக்கு வரக்கூடும். 1867இல் வடலூரில் தருமசாலை கண்ட வள்ளலார், புலால் உண்பாரைப் புறவினத்தார் என்று பிரித்தும், அவர்களுடைய பசியைத் தீர்ப்பது கடமை என்றே வைத்தார். அந்த ஜீவகாருண்யம் உணவோடு நின்றுவிடத் தக்கதன்று. கடைசி மருந்து என்பது பசித்தவருக்கென்று தருமசாலையில் சேர்த்துவைத்த நெல்லைப் போன்றது. ஒருவர் தம் லாபத்துக்காக அதை அள்ளிக் கோழிக்கு இறைத்தால், இன்னும் வந்து சேராத பசியாளியின் இலையிலிருந்து அது குறைகிறது.

ஆனால் பழியைச் சமமாகப் பங்கிடுவது நியாயமாகாது. நம் மாநிலத்தில் கறிக்கோழி வளர்க்கும் குடியானவர் பலர் ஒப்பந்தப் பண்ணையாளர். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியிலிருந்து வர, வளர்ப்புக் கூலியை மட்டுமே பெறுகிறவர்கள். அவர்களினும், கடைக்காரரினும், கூலி வாங்கிய கையோடு பிள்ளைகளுக்காக அரைக் கிலோ கறி வாங்கும் தாயினும், தீவனத்தில் இன்னது கலந்தோம் என்று அறிந்தவர்களுக்கே முதற்பங்கு உண்டு. கலந்த மருந்தின் பெயரையும் அளவையும் தீவன மூட்டையின்மேல் தமிழில் அச்சிட வேண்டுமென்று அவர்களிடமும் அரசிடமும் வற்புறுத்திக் கேட்பது, வடலூர் ஜோதியை வணங்கித் திரும்பும் ஒவ்வொருவருக்கும் உரிய ஜீவகாருண்யக் கைங்கரியம்.