அடைப்பின் கதவு

மைசூருக்கும் பெங்களூருக்கும் இடையே, மண்டியா மாவட்டத்தில் கொக்கரே பெள்ளூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே வீடுகளை ஒட்டிய புளியமரங்களில் கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் தலைமுறை தலைமுறையாகக் கூடு கட்டி வருகின்றன. அவற்றுக்காக ஊரார் புளி விளைச்சலில் ஒரு பங்கை மனமுவந்து இழக்கின்றனர்.

கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுக்குத் தாய்ப்பறவை தரைக்கு வந்து இரை ஊட்டுவதில்லை. 1990களில் மைசூர் அமெச்சூர் நேச்சுரலிஸ்ட்ஸ் அமைப்பினர், ஊர் இளைஞர்களோடு சேர்ந்து அத்தகைய குஞ்சுகளை எடுத்து, வேலியிட்ட அடைப்பில் வைத்து, மீன் கொடுத்து வளர்க்கலாயினர். சிறகு வலுத்ததும் அவை விடுவிக்கப்பட்டன.

தொண்டுக்கு இரண்டு படிகள் உண்டு. விழுந்ததை எடுப்பது முதற்படி. இரக்கம் உள்ளவர்க்கு அது இயல்பாக வரும். எழுந்ததை விடுவது இரண்டாம் படி; அதுவே கடினம். ஊட்டி வளர்த்த உயிரின்மேல் 'எனது' என்னும் எண்ணம் ஓசையின்றிப் படிகிறது. அப்போது கருணை பற்றாக மாறுகிறது. காப்பதற்காகப் போட்ட வேலி சிறையாகிறது.

பறந்துபோன கூழைக்கடா நன்றி கூறத் திரும்பி வருவதில்லை. அதை எதிர்பாராமல் அடுத்த குஞ்சுக்கு மீன் எடுத்துச் செல்வதே பலன் கருதாத கர்மம். பெற்ற பிள்ளையிடத்தும், தம் உதவியால் நிமிர்ந்தவரிடத்தும் அக்கதவைத் தாம் திறந்து வைத்திருக்கிறோமா என்று ஒவ்வொரு சாதகரும் தம்முள் ஆராய்வாராக.