கட்டாயத் தொண்டு தொண்டாகுமா?

அமெரிக்கப் புறநகர்களில் ஜூன், ஜூலை மாதங்களில் குழந்தைகளுக்கான கோடை நீச்சல் அணிகள் இயங்குகின்றன. வர்ஜீனியா மாநிலத்தின் வடபகுதியில் உள்ள நீச்சல் லீக் 1956 முதல் நடந்துவருகிறது. அங்கே சனிக்கிழமை காலையில் இரண்டு குடியிருப்புகளின் பிள்ளைகள் ஒரே குளத்தில் போட்டியிடுவார்கள். பயிற்சியாளருக்குச் சம்பளம் உண்டு. மற்ற வேலைகள் பெரும்பாலும் பெற்றோர் தலையில்தான். கையால் நேரம் குறிக்கும்போது ஒரு தடத்துக்கு மூவர் ஸ்டாப்வாட்ச்சுடன் நிற்பார்கள். மூன்று நேரங்களில் நடுவில் வருவதே கணக்கில் ஏறும். ஆறு தடங்கள் என்றால் இதற்கே பதினெட்டுப் பேர் வேண்டும். நீச்சல் முறையையும் திரும்பும் விதத்தையும் கவனிக்கும் நடுவர்கள், புள்ளி கணக்கிடுவோர், சிற்றுண்டிக் கடையைப் பார்த்துக்கொள்வோர், ஆறு வயதுப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து வரிசையில் உட்காரவைப்போர் எல்லாரும் இந்தக் கணக்கில் சேராதவர்கள்.

ஆள் தேறாவிட்டால் போட்டியே நடக்காது. அதனால் பல அணிகள், ஒவ்வொரு குடும்பமும் இத்தனை முறை வேலை செய்தாக வேண்டும் என்று விதித்திருக்கின்றன. முன்பணமாகக் காசோலை வாங்கிவைத்து, வராதவர்களின் காசோலையை வங்கியில் போட்டுவிடும் வழக்கமும் உண்டு. விதித்த பின்னும் அந்த வேலைக்குப் பெயர் ‘வாலண்டியர்’தான். விதிக்கு அஞ்சிச் செய்வது தொண்டாகுமா என்ற பழைய கேள்வி இங்கே குளக்கரைக்கு வந்துவிடுகிறது.

1785-இல் வெளியான அறவியல் நூலில் இம்மானுவேல் காண்ட், ஆதாயத்துக்காகவோ அச்சத்தாலோ செய்யும் சரியான செயலுக்கு அறமதிப்பு இல்லை என்று வாதிட்டார். அவர் அளவுகோலின்படி, முன்பணம் போய்விடுமே என்று வாட்ச்சைக் கையில் எடுக்கும் தந்தை தவறு செய்யவில்லை. ஆனால் அறமும் செய்துவிடவில்லை. அரிஸ்டாட்டில் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறார். நீதியான செயல்களைச் செய்துசெய்தே மனிதர் நீதியாளராகிறார், நல்ல சட்டம் அந்தப் பழக்கத்தை ஊட்டுகிறது என்பது அவர் நிலை. முதல் வாரம் விதிக்காக வந்த தந்தை, நான்காம் வாரத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் நேரம் அரை நொடி குறைந்ததைக் கண்டு குதூகலிப்பது நடக்கக்கூடியதே. அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது விதி. காண்டின் அளவுகோல் இந்த மாற்றத்தைப் பார்க்க உதவுவதில்லை.

ஆனால் விதியோடு பணம் சேரும்போது நிலைமை மாறுகிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஆய்வு ஒன்றை யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற பொருளியலாளர்கள் 2000-இல் வெளியிட்டனர். பிள்ளைகளைத் தாமதமாக அழைத்துச்செல்லும் பெற்றோருக்கு அபராதம் விதித்ததும் தாமதம் கூடியது. அபராதத்தை நீக்கிய பிறகும் அது பழைய அளவுக்குக் குறையவில்லை. காத்திருக்கும் ஆசிரியரிடம் பெற்றோருக்கு இருந்த கூச்சம் போய், அபராதம் ஒரு கட்டணம் போல ஆகிவிட்டிருந்தது. நீச்சல் அணியின் முன்பணத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. காசோலையை விட்டுக்கொடுத்த குடும்பம் கடன் தீர்ந்ததாக எண்ணிக்கொள்ளும். தடத்தின் ஓரத்திலோ ஓர் ஆள் குறைந்தபடியே இருக்கும்.

குழப்பத்தின் வேர் பெயரில் இருக்கிறது. திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களாகப் பிரித்துவைத்தது. ஈகை இல்லாதவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவு ஊரோடு ஒத்து வாழ்பவர் ஊருக்குச் செய்வது. அதற்கு ஊருணி நீர் உவமையாகிறது. பெற்றோரின் சனிக்கிழமை வேலை ஈகை அல்ல, ஒப்புரவு. தன் பிள்ளைக்குப் பிறர் நேரம் குறிக்கும்போது, பிறர் பிள்ளைக்குத் தான் குறிப்பது கொடை ஆகாது. கொடை என்று அழைப்பதால்தான் கட்டாயம் முரணாகத் தோன்றுகிறது. கூட்டுக் கடமை என்றால் அதைக் கேட்டு வாங்குவதில் அநீதி இல்லை.

ஆனால் கடமை எல்லாருக்கும் ஒரே எடையில் இருக்க முடியாது. சனிக்கிழமையும் வேலைக்குப் போகும் தாய், ஒற்றை ஆளாகக் கைக்குழந்தையையும் பார்த்துக்கொள்ளும் பெற்றோர், உடல் இயலாதவர் ஆகியோரிடம் அதே மணிநேரத்தையோ அதே காசோலையையோ கேட்பது ஒப்புரவுக்கே எதிரானது. வீட்டிலிருந்தே பரிசு ரிப்பன்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டித் தருவது, தாத்தா பாட்டியை அனுப்புவது, பயிற்சி நாள் மாலையில் வந்து உதவுவது என்று வழிகளை அகலமாக்கலாம். எதுவும் இயலாத குடும்பத்துக்கு விலக்குத் தரலாம். அப்போதும் அந்தக் குடும்பத்துக் குழந்தையின் தடத்தில் மூன்று பேர் வாட்ச்சுடன் நிற்க வேண்டும்.