குடும்ப வரலாறும் மறைக்கப்பட்ட பெயர்களும்

யாழ்ப்பாணத்துச் சைவ இல்லங்களில் ஒருவர் மறைந்து முப்பத்தோராம் நாளை ஒட்டிச் சிறு நூலொன்றை அச்சிட்டு உற்றாருக்கு வழங்குதல் வழக்கம். கல்வெட்டு என்றும் நினைவு மலர் என்றும் வழங்கும் அந்நூலிலே திருமுறைப் பாடல்கள், திதி நிர்ணய வெண்பா, புலம்பற் பாக்கள், வாழ்க்கைக் குறிப்பு ஆகியவற்றோடு வம்சாவழி விளக்கமொன்றும் பெரும்பாலும் இடம்பெறும். பூட்டன் பெயர் தலைப்பில் நிற்க, கிளைத்துச் செல்லும் கோடுகள் பூட்டப்பிள்ளைகள் வரை இறங்கும். இலக்கிய நயம் நோக்கி இந்நூல்களை எவரும் படிப்பதில்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் நூற்றாண்டு காலச் செய்தியை ஒரே தாளிற் காட்டும் சான்று இதுபோல் எளிதிற் கிடைப்பது அரிது.

அவ்விளக்கத்தை ஊன்றி நோக்குவோருக்குப் பிறிதொன்றும் புலப்படும். சாதிக்குப் புறம்பே மணம் புரிந்த மகள், வேறு சமயம் தழுவிய தம்பி, முதல் தாரத்துப் பிள்ளை ஆகியோரின் பெயர்கள் சில வேளைகளில் அங்கு இல்லாதொழியும். மறதியினால் நேர்ந்த வழு என இதனைக் கொள்ளுதல் இயலாது. எவரைத் தம்மவர் என உலகுக்குக் காட்டுவது என்ற தீர்மானமே அங்கு அச்சேறியுள்ளது. பின்வந்த ஒருவர் அத்தீர்மானத்தை மாற்றி எழுத உரிமையுடையவரா என்பதும், முன்னோர் மறைத்ததை வெளிக்கொணர்தல் கடமையா அத்துமீறலா என்பதும் குடும்ப வரலாறு தேடும் எவரும் தப்பவியலாத அறவியல் வினாக்களாகும்.

குடும்பம் தன்னைப் பற்றி எழுதியதும் ஆள்வோர் குடும்பங்களைப் பற்றி எழுதியதும் வெவ்வேறு. மயில்வாகனப் புலவர் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோட்படி 1736ஆம் ஆண்டளவில் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையிலே அரசர் வரிசையும், வந்து குடியேறிய பிரபுக்களின் பெயரும் ஊரும் கூறப்படுகின்றன. அவர்களுக்கு ஊழியஞ் செய்தோர் பெரும்பாலும் பெயரற்ற கூட்டமாகவே வந்து போகின்றனர். தோம்புகள் அத்தகையன அல்ல. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய இப்பதிவேடுகளின் நோக்கம் வரியும் ஊழியமுமேயாம். எவரிடமிருந்து எவ்வளவு பெறலாம் என்பதை ஆள்வோர் அறிய வேண்டியிருந்தமையால், புலவர் பாடாத மனிதரின் பெயர்களும் தோம்பிற்கு வேண்டியனவாயின. ஆனால், அப்பெயர்களின் அருகே அவர்தம் சாதியும் அவர்கள் செய்யக் கடமைப்பட்ட ஊழியமும் பொறிக்கப்பட்டன. ஏழையொருவரின் மூதாதையை இனங்காண உதவும் அவ்வரியே அம்மூதாதை மீது சுமத்தப்பட்ட இழிவையும் இன்றளவும் சுமந்து நிற்கின்றது.

‘பழையதைக் கிளறுவதால் ஆவதென்ன?’ என வினவுவோருக்கு மலையகத்தின் வரலாறு தக்க விடையாகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, அவ்வாண்டு நவெம்பர் 15ஆம் திகதிக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாவதற்கு, அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். தாய்வழி கணக்கிற் கொள்ளப்படவில்லை. சட்டத்தின் வாசகம் யாவர்க்கும் பொதுவாயினும் அதன் சுமை விழுந்தது தோட்டத் தொழிலாளர் மீதே. மண்டபம் முகாமினூடாகக் கொண்டுவரப்பட்டு, இலக்கம் பொறித்த தகரத் துண்டினால் அடையாளங் காணப்பட்டோரின் பிள்ளைகள், லயத்துக் காம்பிராவிற் பிறந்த தம் தந்தையின் பிறப்புக்கு எழுத்துச் சான்று காட்டுவது எங்ஙனம்? பதிவு இருந்தவிடத்தும் எழுதுவினைஞரின் காதில் விழுந்தவாறே பெயர் எழுதப்பட்டிருக்கும். முத்தையா ஓரிடத்தில் முத்துவாகவும் பிறிதோரிடத்தில் முத்தனாகவும் நிற்பின், மூவரும் ஒருவரே என மெய்ப்பிக்கும் பொறுப்பு முத்தையாவின் மகனுக்கு உரியதாயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை நாடற்றோராகக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பங்கிட்டு, எஞ்சியோரின் கதியைப் பின்னர் தீர்மானிக்க விட்டது. எஞ்சியிருந்தோருக்கும் உரிமை வழங்கிய சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது. வம்சாவழி எழுதி வைக்கும் வசதி எவரிடம் இல்லையோ அவரிடமே அரசு வம்சாவழியைக் கேட்டது எனலாம். இவ்வநுபவத்தின் பின்னர் குடும்ப ஆவணங்களைப் பேணுதல் ஓய்வுபெற்றோரின் பொழுதுபோக்கு எனக் கூறுதல் பொருந்தாது.

பேணப்பட வேண்டியவற்றுட் பல அழிந்தும் போயின. 1981ஆம் ஆண்டு எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. அது ஊரறிந்த இழப்பு. மீண்டும் மீண்டும் நிகழ்ந்த இடப்பெயர்வுகளில் வீட்டு றங்குப் பெட்டிகளோடு தொலைந்த காணி உறுதிகளுக்கும் சாதகக் குறிப்புகளுக்கும் புகைப்படங்களுக்கும் கணக்கெடுத்தார் எவருமிலர். இவ்விழப்பின் நடுவே 2005ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களோடு நினைவு மலர்களையும் தேடிச் சேர்த்து யாவரும் இலவசமாகப் படிக்க வகைசெய்தது. கிளிநொச்சியில் ஒருவரிடம் எஞ்சிய பிரதியை ரொறன்ரோவில் வாழும் பேர்த்தி படித்துத் தன் பாட்டியின் பிறந்த ஊரை அறிதல் இதனாற் கைகூடுகின்றது. பலர் கூடிச் சேர்க்கும் இத்தகைய பொதுத் திரட்டுகள் இல்லையெனின், சிதறுண்ட ஒரு சமூகம் தன் உறவுகளை மீளக் கோத்தல் அரிதாகும். எனினும், இருநூறு உறவினருக்கென அச்சிடப்பட்ட நூல் இப்போது எவர் கையிலும் கிடைக்கின்றது. சம்பந்தம் பேசுமுன் மறுதரப்பாரின் சாதியைத் துருவுவோரும் அதனைப் படிக்கின்றனர்.

இறந்தோருக்கு இனி யாது தீங்கு எனச் சிலர் வினவுவர். சந்ததியினரின் நிலை இறந்தோரின் நலனைத் தொடுமா என்ற வினாவை அரிஸ்ரோட்டில் நிக்கோமாக்கிய அறவியலின் முதலாம் நூலில் எழுப்பி, தொடினும் அது சிறிதளவே என அமைகின்றார். அவ்விடை போதுமானதன்று என்பதைப் பிற்காலத்து நிகழ்ச்சியொன்று காட்டிற்று. அமெரிக்காவின் யூட்டாவில் 1894ஆம் ஆண்டு மோர்மன் திருச்சபையினர் தொடங்கிய வம்சவரலாற்றுச் சங்கத்தின் பணி வளர்ந்து, உலகின் பல நாட்டுப் பதிவேடுகளைப் படம்பிடித்து இலவசமாக வழங்கும் நிலையை எய்தியுள்ளது. அப்பணியின் பயன் மிகப் பெரிது. அதே திருச்சபையினர் இறந்தோருக்காக உயிருள்ள ஒருவர் ஞானஸ்நானம் பெறும் வழக்கமுடையர். நாசிகளாற் கொல்லப்பட்ட யூதரின் பெயர்களும் அச்சடங்கிற்கு உட்பட்டமை தெரிந்தபோது எதிர்ப்பு எழுந்தது. அத்தகையோரின் பெயர்களை நீக்குவதாக 1995ஆம் ஆண்டு யூத அமைப்புகளோடு உடன்பாடு காணப்பட்டது. யூதராயிருந்தமைக்காகவே கொல்லப்பட்டவரின் பெயரைப் பிறிதொரு சமயத்தின் ஏட்டில் எழுதுவது, இறந்தவருக்கு வலிக்காதெனினும், அவர் யார் என்பதற்கு எதிரான செயல் என்பதை இருசாராரும் ஏற்றனர் போலும்.

ஆகவே மறைத்தவர் யார், எதன்பொருட்டு மறைத்தார் என்பதையே முதற்கண் நோக்குதல் வேண்டும். ஊரைவிட்டு நகருக்குப் பெயர்ந்து, தகப்பன் பெயரின் விகுதியை மாற்றிப் பிள்ளைகளைப் பாடசாலையிற் சேர்த்த ஒருவர், தன்னை நசுக்கிய அமைப்பினின்றும் தப்புவதற்காகவே மௌனம் காத்தார். மாவிட்டபுரத்து ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது 1968ஆம் ஆண்டிலே என்பதை எண்ணுங்கால், அம்மௌனம் தொல்பழங்காலத்ததன்று என்பது தெளிவாகும். அதனைக் கலைக்கும் உரிமை ஆராய்ச்சியாளனுக்கு இல்லை. அவருடைய வழித்தோன்றல்கள் விரும்பினாலன்றி அது கலைக்கப்படலாகாது. அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த குடும்பமொன்று அதனை வாய்திறவாது விட்டதோ முற்றிலும் வேறானது. ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டிலே தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகளும் உள. அடிமைமுறையைச் சட்டம் இந்நாட்டில் ஒழித்தது 1844ஆம் ஆண்டில். நிலத்தோடும் நகையோடும் மனிதரைச் சீதனமாகக் கொடுத்தவர் ‘கீர்த்திமிகு முன்னோர்’ என்று மட்டும் கல்வெட்டுகளில் எஞ்சுவாராயின், அம்மௌனம் பாதுகாப்பது அவர்தம் புகழை மாத்திரமே. அத்தகைய மௌனத்திற்கு மதிப்பளிக்க எவரும் கடமைப்பட்டவரல்லர்.

இவ்வேறுபாடு கொள்கையளவில் தெளிவாயினும், ஆவணங்கள் அவ்வாறு பிரிந்து கிடைப்பதில்லை. பழைய சீதன உறுதியொன்று பரம்பரை வீடொன்றின் பெட்டியிலே அகப்படுகின்றது எனக் கொள்ளலாம். உடையவர் பெயரும் ஊரும் முதலில் உள்ளன. வயற்காணிகளின் எல்லைகளுக்குக் கீழே கொடுக்கப்பட்ட அடிமைகளின் பெயர்கள் வரிசையாக உள்ளன. முதற்பகுதியை வெளியிட்டு இரண்டாம் பகுதியை மறைத்தால், உடையவர் காணிக்காரராக மட்டுமே காட்சியளிப்பார். முழுமையாக வெளியிட்டால், அதே ஊரிலே இன்று ஆசிரியராகவோ வணிகராகவோ வாழும் ஒருவரை நோக்கி அப்பெயர்கள் விரல் நீட்டும். அழித்துவிடுதலோ எக்காரணத்தாலும் ஏற்கத்தக்கதன்று. தம் மூதாதையர் பட்ட துன்பத்தின் ஒரே எழுத்துச் சான்று அதுவே என அவர்தம் சந்ததியினர் நாளை உரிமை கோரலாம். மூலத்தைச் சிதையாமற் காப்பகத்தில் ஒப்படைத்து, உடையவர் பெயரையும் அடிமைகளின் தொகையையும் வெளியிட்டு, ஏனைய பெயர்களை அவற்றிற்குரியோரின் சம்மதம் கிடைக்கும்வரை மூடிவைத்தல் ஓரளவு பொருத்தமான வழியாகும். ஆயினும் அவ்வழியிலும் ஓர் இடர் உண்டு. அவர்தம் வழித்தோன்றல்கள் எவர் என அறியாது சம்மதம் கேட்டல் இயலாது. அவர்களை அறிவதற்கோ, அப்பெயர்களை நாலு பேரிடமாவது சொல்லி விசாரித்தே ஆகவேண்டும்.