தொழிலும் இல்லறமும்

உழைத்துப் பொருள் ஈட்டுவதும், ஈட்டிய பொருளால் இல்லத்தைப் பேணுவதும் இல்வாழ்வானுக்குரிய கடமைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுங்கால் அவன் செய்யத்தக்கது யாது? தொழில் நாள் முழுவதையும் விழுங்கிவிட, மனைவி மக்களுக்கென்று எஞ்சுவது சோர்வு ஒன்றே எனின், அக்குறைக்குப் பொறுப்பாளர் யார்? முதலாளியா, அரசா, அன்றி அவனேதானா? அன்பர்களே, இவ்வினாவை நாம் அமைதியாக ஆராய்தல் வேண்டும்.

வாழ்க்கையினின்று பிரித்து இதனைப் பேசுவதால் பயனில்லை. தமிழர் பல தலைமுறைகளாக உழைத்து வாழும் கோலார் தங்கவயலையே எடுத்துக்கொள்வோம். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியாரின் பொறுப்பில் வளர்ந்த அச்சுரங்கங்கள், காலப்போக்கில் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்றன. அங்கே ஷிப்டு முறையில் வேலை நடந்தது. இரவு ஷிப்டு முடித்து வந்த தந்தை பகலில் உறங்குவான். அவன் விழிக்கும்போது பிள்ளைகள் பள்ளியில் இருப்பர். எனினும் வேலைத்தலமும் வீடும் அருகருகே இருந்தன. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பின்னர் அவ்வாய்ப்பும் போயிற்று. இன்று அவ்வூரார் ஆயிரக்கணக்கில், விடியுமுன் ரயிலேறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று உழைத்து, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர்.

இத்தகைய ஒருவரின் நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். உணவு இடைவேளை உட்பட வேலைக்கு 9 மணி. போக்குவரத்து ரயிலுக்கு 5 மணி. நடைக்கும் காத்திருப்புக்கும் 1 மணி. உறக்கத்திற்கு 7 மணி என்று கொண்டால் 22 மணி கழிந்துவிடும். எஞ்சுவது 2 மணி. அதற்குள்தான் குளிப்பும், உணவும், வீட்டாரோடு பேசும் பேச்சும் அடங்கவேண்டும். நம் வினா இந்த இரண்டு மணியைப் பற்றியதே. இது யாருடையது?

முதலில் பிறருக்குரிய பொறுப்பைப் பிறரிடமே வைப்போம். ஒரு மனிதனின் ஆற்றலுக்கு மேற்பட்ட வேலையை வாங்கிக்கொண்டு, 'உன் இல்லத்தை நீதான் சரிவரப் பார்த்துக்கொள்ளவேண்டும்' என்று அவனுக்கே அறிவுரை கூறுவது அறமன்று. பகவான் சிகாலனுக்கு உபதேசித்தபோது, தொழிலாளியின் வலிமைக்கேற்ப வேலை பகிர்தலும், உணவும் ஊதியமும் தருதலும், நோயுற்றபோது பேணுதலும், உரிய காலத்தில் ஓய்வு அளித்தலும் எசமானனின் கடமைகள் என்றே வகுத்தார். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த பாபாசாகேப் அம்பேத்கர், தொழிலாளியின் காலத்தை முதலாளியின் கருணைக்கு விட்டுவிடவில்லை. அவர் கொணர்ந்த மசோதாவின் பயனாய், 1946-இல், ஆண்டு முழுதும் இயங்கும் தொழிற்சாலைகளில் வாரத்தின் உச்ச வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. எனவே நேர்மையான வேலை நேரத்தையும், போதிய ரயில் வசதியையும், ஊருக்கு அண்மையில் தொழிலையும் கோருவது சோம்பேறியின் முறையீடன்று. அதுவும் இல்லறக் கடமையின் ஒரு பகுதியேயாகும்.

ஆயின், சட்டம் ஆலையின் வாயிலோடு நின்றுவிடுகிறது. அது மீட்டுக்கொடுத்த நேரம் வீட்டைச் சென்றடைந்ததா, வழியிலேயே செலவாகிவிட்டதா என்று கேட்க எந்த அதிகாரியும் வருவதில்லை. அதனைக் கேட்கவேண்டியவன் அவனே.

'நான் இவ்வளவு பாடுபடுவது யாருக்காக? இக்குடும்பத்திற்காக அன்றோ?' என்று சிலர் கூறுவர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஓர் ஆபத்தும் உண்டு. குடும்பத்தின் பொருட்டு உழைப்பவன், அவ்வுழைப்பையே காரணமாகக் காட்டிக் குடும்பத்தின் பிற தேவைகளினின்று விலகிக்கொள்வானாயின், அவன் எய்தக் கருதிய பயனையே இழந்தவனாவான். சிகாலன் ஆறு திசைகளை வணங்கியவன். மனைவி மக்கள் மேற்றிசை என்றும், தொழிலாளரும் பணியாளரும் காலடிக்குக் கீழுள்ள திசை என்றும், பிற உறவுகள் ஏனைத் திசைகள் என்றும் பகவான் அவனுக்குப் பொருள் விரித்தார். இதில் நாம் சிந்திக்கவேண்டுவது ஒன்று. திசைகள் தாமாகத் திரும்பி நம் முன் வந்து நில்லா. நடுவில் நிற்பவனே திரும்பவேண்டும். ஒரே திசையை ஓயாது நோக்கி நிற்பவன், தான் அறியாமலே மற்றொன்றுக்கு முதுகு காட்டி நிற்கிறான்.

அங்ஙனம் முதுகு காட்டுவதன் சுமை யார் தலையில் விழுகிறது? 2019-ஆம் ஆண்டு இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வு இதற்கு விடை கூறும். ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டனர்; ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். அதிலும் அவ்வேலையில் சிறிதேனும் ஈடுபட்ட ஆண்கள் நூற்றுக்கு 26 பேரே. பெண்களோ 81 பேர். அதே ரயிலில் வேலைக்குச் சென்று திரும்பும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். ஆண் வீட்டுக்குள் நுழையும்போது அவன் வேலை முடிகிறது. அவளுக்கு இரண்டாம் ஷிப்டு தொடங்குகிறது. ஆண் தன் ஓய்வு என்று எண்ணிக்கொள்ளும் நேரத்தின் ஒரு பகுதி, உண்மையில் அவளிடமிருந்து பெற்ற கடனாகும். பிறப்பினால் ஒருவர் மற்றவருக்குப் பணிசெய்யக் கடமைப்பட்டவர் என்னும் கொள்கையை ஊரில் மறுத்த நாம், அதனை அடுப்பங்கரையில் ஏற்றுக்கொள்ளலாமா?

இனி, செய்யத்தக்கது யாது? கோலிய குலத்துத் தீகஜானு என்பவன், மனைவி மக்களோடு வாழும் எம்போன்றோர்க்கு ஏற்ற நன்னெறியைக் கூறுக என வேண்டியபோது, பகவான் கூறிய நான்கில் ஒன்று சமஜீவிதம். துலாக்கோலைப் பிடித்தவன் தட்டு எவ்வளவு தாழ்ந்தது, எவ்வளவு உயர்ந்தது என்று அறிவதுபோல, இல்வாழ்வான் தன் வரவையும் செலவையும் அறிந்து, ஊதாரித்தனமும் கஞ்சத்தனமும் இன்றி வாழவேண்டும் என்பது அதன் கருத்து. அங்கே பொருளைக் குறித்துச் சொன்னதை நாம் காலத்திற்கும் பொருத்திக்கொள்ளலாம். ஏனெனில் இவ்விரண்டும் ஒன்றையொன்று பற்றியவை. கடன் வாங்கி ஆடம்பரமாய்த் திருமணம் நடத்தியவன், அக்கடனைத் தீர்க்க ஓவர்டைம் செய்கிறான். அந்த ஓவர்டைம் முதலாளி சுமத்தியது போலத் தோன்றினும், அதன் வித்து அவன் வீட்டிலேயே விதைக்கப்பட்டது. வயிற்றுக்காகச் செய்யும் மிகை வேலை வேறு; பிறர் மெச்சுதற்காகச் செய்யும் மிகை வேலை வேறு. முன்னதற்கு வறுமை பொறுப்பு. பின்னதற்கு நாமே பொறுப்பு.

சமன் செய்தல் என்பது மணியைச் சரிபாதியாகப் பிரித்தல் அன்று. ஒன்பது மணி வேலைக்கு ஒன்பது மணி இல்லம் என்று ஏழை எவனாலும் கொடுக்க இயலாது. எஞ்சிய சிறுபொழுதை அறிந்து கொடுத்தலே அவனால் இயல்வது. இரவில் தண்ணீர்க் குடத்தை நிரப்பி வைத்தலும், உண்ட பாத்திரத்தைத் தானே கழுவுதலும், கைப்பேசியைக் கால்மணி நேரம் அப்பால் வைத்துவிட்டுப் பிள்ளையின் பாடத்தைக் கேட்டலும் அரிய செயல்கள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியோடு அமர்ந்து வரும் வாரத்தின் வேலைகளைப் பகிர்ந்துகொள்வதற்குப் பொருட்செலவு எதுவுமில்லை. நற்பழக்கமென்று நாம் கொண்டாடும் மதுவிலக்கும் இங்கேதான் சோதிக்கப்படுகிறது; மதுக்கடையில் கழியும் ஒரு மணி நேரம், இரண்டு மணியே உடையவனின் செல்வத்தில் பாதியன்றோ?

ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். பொறுப்பேற்றல் என்பது பழியேற்றல் அன்று. ரயில் தாமதமானதற்கும், சுரங்கம் மூடப்பட்டதற்கும் தொழிலாளி பழியேற்க வேண்டுவதில்லை. களைத்து உறங்கிவிட்டவன் தன்னைக் குற்றவாளியாக எண்ணி வருந்த வேண்டுவதுமில்லை. பழி, கடந்துபோனதைப் பற்றியது. பொறுப்போ, இனிச் செய்யக்கூடியதைப் பற்றியது. பிறரால் ஆகவேண்டியதைச் சங்கமாகச் சேர்ந்து கேட்போம். நம்மால் ஆகக்கூடியதை, அதற்காகக் காத்திராமல், இன்றிரவே வீட்டில் தொடங்குவோம். வேலை நேரம் ஒருநாள் குறையும். ரயிலும் ஒருநாள் விரைவாகும். ஆனால் இன்று ஆறு வயதாயிருக்கும் குழந்தை அதுவரை ஆறு வயதாகவே காத்திராது.