கம்பம் எந்தத் தெருவோடு நின்றது?

எங்கள் காலனி வடலூருக்குத் தெற்கே இருக்கிறது. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால், ரெண்டு பர்லாங் வயல். சின்ன வயசில் ராத்திரி வாசலில் படுத்தால் நெய்வேலிப் பக்கம் வானம் வெளுத்துக் கிடக்கும். ஊர்த்தெருவில் கரண்டு விளக்கு எரியும். எங்களுக்குச் சிமினி விளக்குதான். கடைசிக் கம்பம் ஊர்த்தெருவோடு நின்றுபோனது. கம்பி வாய்க்காலைத் தாண்டப் பல வருஷம் ஆச்சு.

ஒருநாள் ஆயாவிடம் கேட்டேன். "ஏன் ஆயா, அங்க அவ்ளோ வெளிச்சம் கெடக்குதே, நமக்குக் கொஞ்சம் வராதா?"

"வெளிச்சம் தூரத்துக்குப் போவும்டா. கிட்டக்கத்தான் வராது."

பிற்பாடு பொருளாதாரம் படிக்கப்போன இடத்தில் வேறு பாடம் சொன்னார்கள். ஏழை வட்டாரம் வேகமாக வளரும். பணக்கார வட்டாரத்தை ஒருநாள் எட்டிப்பிடிக்கும். 1956இல் ராபர்ட் சோலோ எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்த வாதம் இது. மூலதனம் குறைந்த இடத்தில் போடும் முதல் அதிகப் பலன் தருமாம். அதனால் மூலதனம் அங்கே ஓடிவருமாம்.

அதே 1956இல்தான் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தார். 1962இல் மின்சாரம் வந்தது. அந்த வட்டாரத்தின் மண்ணுக்குள் மூலதனம் இறங்கி அறுபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. மின்சாரம் சென்னைக்குப் போனது. கேரளம், கர்நாடகம், ஆந்திரம், புதுச்சேரிக்கும் போனது. 2004இல் புதிய வீராணம் திட்டம் வந்தது. வீராணம் ஏரித் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்து ஏற்றப்பட்டு, வடலூருக்குப் பக்கத்தில் வடக்குத்தில் சுத்தம் செய்யப்பட்டு, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடிச் சென்னைக்குப் போகிறது. நாளைக்கு 18 கோடி லிட்டர் போகும் அளவுக்குப் போட்ட திட்டம்.

இதைச் சொன்னால் எங்கள் மாவட்டத்தில் எல்லாச் சாதிக்காரர்களும் தலையாட்டுவார்கள். "ஆமாங்க, சென்னைக்காரன் நம்மள உறிஞ்சறான்." சரிதான். ஆனால் அந்த 'நம்ம' என்ற சொல்லில்தான் எனக்குச் சந்தேகம். அதற்குள் யார் யார் இருக்கிறார்கள்?

வட்டாரம் என்பது பசிக்காது. வட்டாரத்துக்கு வயிறு இல்லை. ஏழ்மை இருப்பது மனுஷனுக்கு. சென்னைக்கும் கடலூருக்கும் உள்ள தூரத்தை அளக்கிறவர்கள் ஊருக்கும் சேரிக்கும் உள்ள ரெண்டு பர்லாங்கை ஏன் அளப்பதில்லை? சராசரி என்ற ஒன்றை எடுத்து, ஆண்டையையும் கூலிக்காரனையும் கூட்டி ரெண்டால் வகுத்து, "மாவட்டம் முன்னேறியது" என்கிறார்கள். அந்தக் கணக்கில் இருவருமே பாதி நிலத்துக்குச் சொந்தக்காரர்கள். வயலில் அப்படியில்லை.

நிலம் எடுக்கும் கதையைப் பாருங்கள். 1894 ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீடு யாருக்கு? நிலத்தின் மேல் உரிமை உள்ளவனுக்கு. அந்த நிலத்தில் மூணு தலைமுறையாக நாற்று நட்டவள் சட்டத்தின் கண்ணில் இல்லவே இல்லை. நிலம் போனால் பட்டாக்காரனுக்குப் பணம்; அவளுக்கு வேலை போனதுதான் மிச்சம். நிலத்தை நம்பி மூன்றாண்டாகப் பிழைத்த விவசாயக் கூலியும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று மத்தியச் சட்டம் சொன்னது 2013இல். 2023 ஜூலையில் வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெல்லின்மேல் எந்திரம் இறங்கியபோது தமிழ்நாடே பதறியது. பதற வேண்டியதுதான். ஆனால் அந்தப் பதற்றத்திலும் ஏக்கருக்கு எவ்வளவு என்ற பேச்சுதான் பெரிதாகக் கேட்டது. ஏக்கரே இல்லாதவளுக்கு எவ்வளவு?

2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். மாநிலத்தில் 20 சதவீதம். பின்தங்கிய மாவட்டம் என்று இதைச் சொல்கிறவர்கள், யாருடைய முதுகில் ஏறி நின்றுகொண்டு பின்தங்கினோம் என்றும் சொல்ல வேண்டும். தீண்டாமை பற்றி 1969இல் நாடு முழுமைக்கும் அறிக்கை தந்த குழுவின் தலைவர் எல். இளையபெருமாள் இந்த மண்ணின் ஆள். சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியதும் இங்கேதான். வட்டாரத்தின் உண்மையான பொருளாதார வரலாறு அவர்களிடம் இருக்கிறது.

"முதலில் மாவட்டம் முன்னேறட்டும், பிறகு சாதியைப் பேசலாம்" என்பார்கள். இதை லேசாகத் தள்ள நான் தயாரில்லை. வைஸ்ராய் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர் மின்சாரத்தையும் தொழில்மயத்தையும் வற்புறுத்தினார். ஏழ்மையிலிருந்து மீள அதுவே வழி என்று கண்டார். நெய்வேலியிலும் எங்கள் ஆட்கள் சிலர் இடஒதுக்கீட்டில் உள்ளே போனார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். அதை மறைத்துப் பேசுவது நேர்மை இல்லை. ஆக, தொழில் வரவேண்டும். ஆனால் நிரந்தர வேலைக்கு இருக்கிற ஒதுக்கீடு ஒப்பந்த வேலைக்கு வருவதில்லை. அந்த வாசலில் கங்காணியின் சொல்தான் சட்டம். முதலில் மாவட்டம், பிறகு நீ என்றால், அந்தப் 'பிறகு' எந்த வருஷம் என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டு.

இன்னொரு பக்கமும் பார்க்கவேண்டும். நாமும் ஒருவருக்கு ஊர்க்காரர்தான். 1952 முதல் நாற்பது ஆண்டு, இரும்புக்கும் நிலக்கரிக்கும் நாடெங்கும் ஒரே விலை என்று மத்திய அரசு சரக்குக் கட்டணத்தைச் சமன்படுத்தியது. கனிமம் இருந்த பீகார் அதில் நட்டப்பட்டது. ஆலைகள் தூரத்து மாநிலங்களிலும் எழுந்தன; தமிழ்நாடும் பலன் பெற்றது. 'சமன்' என்ற பேரிலேயே ஒரு வட்டாரத்தைத் தரித்திரமாக்க முடியும் என்பதற்கு இதுவே பாடம். இன்று அந்தப் பீகார்க்காரன் நம் வயலில் நாற்று நட வருகிறான். "வடக்கன் வந்து கூலிய ஒடைச்சிட்டான்" என்று நம் ஆட்களே ஏசுகிறார்கள். கூலியை உடைத்தவன் அவனா, குறைத்துக் கொடுத்தவனா? அவன் வந்த ஊரிலும் ஒரு வாய்க்கால் இருக்கும். அதற்கு அந்தப் பக்கம்தான் அவன் வீடும் இருக்கும்.

வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. யார் வந்தாலும் சாதி கேட்காமல் சோறு. நான் அந்தப் பந்தியில் பலநாள் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் யார் என்று பார்க்காமல் சாப்பிட்டது என் வாழ்க்கையில் முதன்முதலாக அங்கேதான். அது பெரிசு. ஆனால் பந்தி முடிந்து இலையை எடுத்தால் அவரவர் தெருவுக்குத்தான் போகவேண்டும். சோறு பசியாற்றும். பங்கு என்பது வேறு. பசித்தவன் கேட்பது சோறு. உழைத்தவன் கேட்பது பங்கு. ரெண்டையும் ஒன்றாக்கிவிட்டால் உரிமை தர்மமாகிவிடும்.

வட்டாரங்கள் சமமாகட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது? அளவுகோலை எங்கே வைப்பது என்பதுதான் என் கேள்வி. மாவட்டத் தலைநகரில் வைக்காதீர்கள். காலனியின் கடைசி வீட்டு வாசலில் வையுங்கள். அங்கே உயர்ந்தால் வட்டாரம் உயர்ந்தது. இல்லாவிட்டால் சிலபேர் உயர்ந்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது எங்கள் காலனியில் கம்பம் இருக்கிறது. விளக்கும் எரிகிறது. ஆயா இல்லை. அந்த வெளிச்சத்தில் சுற்றிப் பார்க்கிறேன். வாய்க்கால் அப்படியே இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற வயலில் ஒரு காணிகூட இன்னும் எங்களுடையது இல்லை.