இராத்திரியில் அழுகிற பிள்ளையும் தூங்காத தாயும்



இந்த வருஷம் நம் சபையில் அநேக குடும்பங்களுக்குக் கர்த்தர் கர்ப்பத்தின் கனியைக் கொடுத்தார். ஸ்தோத்திரம்! ஆனால் வீடு சந்திக்கப் போகும்போது நான் காண்கிறது என்ன? கண் சிவந்த தாய்மார். "பாஸ்டர், பால் குடிச்சதும் கக்கிடுது. படுக்கவெச்சா வீல்னு கத்துது. மூணு மாசமா நான் தூங்கல" என்று ஒரு சகோதரி கண்ணீரோடே சொன்னார்கள். ஜெபிக்க வந்த ஒருவரோ, "வீட்டில் ஏதோ பாவம் இருக்கு, அதான் சத்துரு பிள்ளையைத் தொடுறான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளையின் அழுகையைவிட அந்த வார்த்தைதான் அவர்களை நொறுக்கிப்போட்டது.

தேவபிள்ளைகளே, கைக்குழந்தை கக்குவது பாவத்தின் பலன் அல்ல. உணவுக்குழாய் இரைப்பையில் சேருகிற இடத்தில் ஒரு வாசல்போலத் தசை வளையம் உண்டு. சிறு பிள்ளைக்கு அது இன்னும் பலப்படவில்லை. ஆகவே பாலும் புளிப்பும் மேலே திரும்புகிறது. நாலாம் மாசத்தையொட்டி அதிகமாகும். ஒன்று, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் தானாய் நின்றுபோகும். கக்கினாலும் சிரித்து விளையாடி, எடை ஏறுகிற பிள்ளைக்கு மருந்தே வேண்டாம்.

தாய்ப்பாலை நிறுத்தாதிருங்கள். கொஞ்சம் கொஞ்சமாய், அடிக்கடி கொடுங்கள். ஏப்பம் வரத் தட்டிவிட்டு, 20 அல்லது 30 நிமிஷம் தோளில் நிமிர்த்திப் பிடியுங்கள். தூங்கும்போது மல்லாக்க, சமமான கெட்டியான படுக்கையில் கிடத்துங்கள். கக்குமே என்று குப்புறப் போடவோ தலையணை வைக்கவோ கூடாது. அது மூச்சுக்கு ஆபத்து. ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைக்கவும் வேண்டாம்.

ஆனால் பச்சையாகவோ இரத்தமாகவோ கக்கினால், பீறிட்டு வாந்தி எடுத்தால், எடை ஏறாவிட்டால், பால் குடிக்க மறுத்தால், மூச்சுத் திணறினால், சிறுநீர் குறைந்தால், தாமதியாமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா விசுவாசக் குறைச்சல் இல்லையா பாஸ்டர்?" என்று கேட்கிறீர்கள். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் என்ன செய்தார்? கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னாரே (1 தீமோ. 5:23)! எசேக்கியாவுக்குச் சுகம் வருமென்று கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னான் (2 இராஜா. 20:7). ஜெபமும் வைத்தியமும் சண்டைக்காரர் அல்ல. முழங்காலில் நில்லுங்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டும் போங்கள்.

இன்னொரு காரியம். சோர்ந்து, சாகட்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார், தூதன் தட்டியெழுப்பி அடை கொடுத்தான். நம் சகோதரிக்கு இப்போது வேண்டியது அதுவே. புத்திமதி வேண்டாம், இரண்டு மணி நேரத் தூக்கமும் சுடச்சுட ஒரு வாய் சோறும் போதும். மோசேயின் கைகளை ஆரோனும் ஊரும் தாங்கினார்களே! தகப்பன்மாரே, இராத்திரியில் ஒரு வேளை பிள்ளையை உங்கள் தோளில் போடுங்கள். மூத்த சகோதரிகளே, வாரத்தில் ஒரு மத்தியானம் அந்த வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "நீ போய்ப் படும்மா" என்று சொல்லுங்கள். அதுவும் ஊழியமே.

உறங்காமல் இஸ்ரவேலைக் காக்கிறவர், விழித்திருக்கிற ஒவ்வொரு தாயையும் அறிந்திருக்கிறார். அவர்தாமே உங்கள் வீடுகளில் இளைப்பாறுதல் கட்டளையிடுவாராக. ஆமென், அல்லேலூயா!